பழிவாங்கிய சூமரேன்

தொண்ணூறுகளில் கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் ஒரு சாண்ட்விச் கடையில் சேர்ந்த புதிது; பிரெஞ்சு அரைகுறை. நீளமான சாண்ட்விச்சைப் பிரெஞ்சில் 'சூமரேன்' என்பார்கள். ஒருநாள் முதியவர் ஒருவர் விலைப்பலகையைக் காட்டி ஏதோ சொன்னார். சூமரேன், நண்பர்கள், செத்தார்கள் என்ற மூன்று சொற்கள்தான் எனக்குப் புரிந்தன. வேலை போய்விடும் என்ற நடுக்கத்தில் இறைச்சி முழுவதையும் குப்பையில் கொட்டிவிட்டுக் குசினிக்குள் ஓடினேன்.

"அண்ணை, எங்கட சாப்பாட்டில ஆக்கள் செத்திட்டினமாம்!"

சமையற்கார அண்ணை போய்க் கதைத்துவிட்டு வந்தார்.

"விசரா! சூமரேன் எண்டால் நீர்மூழ்கிக் கப்பலும்தான். உலகப்போரில இவர் கோதுமை கொண்டுபோன கப்பலை அது கடலில தாட்டுப்போட்டுதாம். கூட வந்த நண்பர்கள் செத்திட்டினமாம்."

என் கூத்தைக் கேட்ட முதியவர் கண்ணீர் வரச் சிரித்தார். மரக்கறி சூமரேன் ஒன்று வாங்கி ஆவேசமாகக் கடித்தார்.

"பழிவாங்கிறாராம்," என்றார் அண்ணை.

நானும் இலங்கையில் போருக்குத் தப்பி வந்தவன் என்று அண்ணை சொன்னதும், முதியவர் மிச்சப் பாதியை என்னிடம் நீட்டினார். போரென்றால் எங்களுடையது மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்த நான், வாங்கி ஒரு கடி கடித்தேன்.