நூறு சொல்ல முந்தியவள்

அந்தத் தையல்கூடத்தில் எல்லாரும் அவளைக் கட்டிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நூல் பிசிறு வெட்டும் வேலைக்கு வந்து, அடுக்கிப் போட்ட துணியை ஒரே ஓட்டத்தில் அறுக்கும் மேசைக்கு உயர்ந்தவள். கோடு பிசகாது. அவள் வெட்டிய துண்டு இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் ஒரு நூல்கூட நீட்டிக்கொண்டு நிற்காது. அப்படிப்பட்டவள், பட்டன் தைக்கப் புதிதாக ஒருத்தி வந்த பிறகு தடுமாறிப் போனாள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். தும்மல்.

கூடத்தில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். ஆள் மாற்றி ஆள் தும்முவார்கள். தும்முகிறவர் கையில் இருப்பதை அப்படியே நிறுத்த வேண்டும். பக்கத்தில் இருப்பவர் "நூறு" என்று ஆயுசு வாழ்த்திய பிறகுதான் மறுபடி மிஷினை மிதிக்கலாம். தும்மலோடு மிதித்து விரலில் ஊசி ஏற்றிக்கொண்டவர்கள் உண்டு. ஆகவே வாழ்த்து பாதி, காவல் பாதி.

இதில் ஒரே ஒரு விலக்கு. இஸ்திரிக்காரர் தும்மினால் பக்கத்து ஆள் வாய் திறக்க மாட்டார். அவர் கட்டிங் அக்காவின் புருஷன். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் தும்மலுக்கு, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து, அவள்தான் நூறு சொல்வாள். அவரும் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அவள் குரலுக்காக நிற்பார். வீட்டில் அவர்கள் பேசிக்கொள்வது சாப்பாடு, சாவி, யார் முதலில் குளிப்பது, அவ்வளவுதான். அத்தனை பேர் முன்னால் அவர் அவளுக்காகக் காத்து நிற்கும் அந்த ஒரு நொடியை அவள் நகை மாதிரிப் பூட்டி வைத்திருந்தாள்.

பட்டன்காரிக்கு இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் இடம் போட்டார்கள். முதல் நாளே அவர் தும்மினார். கட்டிங் அக்கா வாயைத் திறப்பதற்குள், "நூறுண்ணே! நல்லா இருக்கணும்!" என்று பட்டன்காரியின் குரல் தேன் ஒழுகக் கேட்டது. அவர் பெட்டியை இறக்கிச் சட்டைமேல் ஓட்ட ஆரம்பித்துவிட்டார். இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணனாம், அண்ணன்.

காலர் தைக்கிறவள் மெதுவாகக் கேட்டாள். "அவளுக்கு இங்கத்த வழக்கம் தெரியாதுக்கா. நான் சொல்லிடவா?"

"வேணாம்டி. எனக்குப் பொறாமைன்னு நெனச்சுக்குவா."

"இல்லியா?"

"போடி, வேலையப் பாரு."

மேற்பார்வைக்காரரிடம் போய், வெளிச்சம் போதவில்லை, என் மேசையை இஸ்திரிப் பக்கம் தள்ளிப் போடுங்கள் என்றாள். "இவ்ளோ பெரிய மேசைய எங்கம்மா தள்றது? பேசாம விளக்கைத் தள்ளித் தரேன்" என்றார் அவர். விளக்கு வந்தது. அந்த வெளிச்சத்தில் பட்டன்காரியின் சிரித்த முகம் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

வேறு வழி யோசித்தாள். அவருக்குத் தும்மல் வருமுன் இடது கண் சுருங்கும், மூக்கு விடைக்கும். அது அவளுக்குத்தானே தெரியும்? துணியை அறுத்தபடியே அந்தக் கண்ணைக் காவல் காத்தாள். சுருங்கியது. "நூறு!" என்று கத்தினாள். அவர் திடுக்கிட்டதில் தும்மல் உள்ளேயே போய்விட்டது.

"யாருக்குக்கா நூறு? யாருமே தும்மலியே!" என்று ஒருத்தி கேட்க, கூடமே சிரித்தது. குனிந்து பார்த்தால், அறுத்த கோடு கைப்பகுதியைத் தின்றுகொண்டு வளைந்து போயிருந்தது. அந்த அடுக்கு மொத்தமும் வீண். மேற்பார்வைக்காரர் திட்டவில்லை. "ஒடம்பு சரியில்லியாம்மா?" என்றார். திட்டியிருக்கலாம்.

அன்று மாலை வீட்டில் சட்டையைக் கழற்றும்போது அவர் தும்மினார். ஒரு கை சட்டைக்குள், ஒரு கை வெளியே, அப்படியே நின்றார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன, ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"அதான் சொல்றதுக்கு ஆள் வச்சிருக்கீங்களே. அங்க போய்த் தும்முங்க."

"யார் சொன்னா என்ன? தும்மல் வந்துச்சு, நூறு வந்துச்சு. இதுல என்ன இருக்கு?"

சொல்லிவிட்டு மற்றக் கையையும் உருவிக்கொண்டார். கொஞ்ச நேரமாவது நிற்பார் என்று அவள் நினைத்திருந்தாள். வெங்காயம் தேவைக்கு மேல் பொடியானது.

மறுநாள் பட்டன்காரி தும்மினாள். அவள் ஊசி அந்தரத்தில் நின்றது. பக்கத்து ஆள் சொல்ல வேண்டும். பக்கத்து ஆள் இஸ்திரிக்காரர். அவர் தொண்டையைச் செருமினார்.

அவர் வாயால், அவளுக்கு, நூறு வயசு!

"நூறு!"

ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிற மாதிரிக் கட்டிங் அக்காவின் குரல். மிஷின்கள் எல்லாம் நின்றன. திறந்த வாயோடு அவர் இந்தப் பக்கம் பார்த்தார். பட்டன்காரிக்கு இன்னொரு தும்மல். "இருநூறு!" மறுபடியும் ஒன்று. "முந்நூறு!" அவருக்கு மூச்சு விட இடம் கொடுக்கவில்லை. காலர்காரி துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

பட்டன்காரி எழுந்தே வந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. "அக்கா, நீங்க என்கிட்ட முகங்கொடுத்தே பேசறதில்ல, என்மேல ஏதோ கோவம்னு நெனச்சேன். அந்தக் கோடியிலேர்ந்து எனக்காக இவ்ளோ சத்தமா..."

"கோவமா? எனக்கா?" என்றாள் கட்டிங் அக்கா. இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது. "இங்க பாரு. உனக்கு நான் சொல்றேன். எப்போ வேணா தும்மிக்கோ. ஆனா அவரு தும்மினா நீ சொல்லாத. அது என்னோடது."

"ஐயோ, மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா!"

மதியத்துக்குப் பிறகு அவர் தும்மினார். பட்டன்காரி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் பார்த்து, அங்கிருந்து நூறு வராததால், பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அவர் மெல்ல இந்தக் கோடிக்குத் திரும்பினார்.

அவள் அறுக்கும் கோட்டின் நடுவில் இருந்தாள். நிறுத்தவில்லை. முனைவரை நேராக அறுத்து, துண்டை எடுத்து அடுக்கி, நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"ம்... நூறு" என்றாள்.