தார் ரோட்டில் காய்ந்த விதை மல்லாட்டை

முட்டாள்தனத்தில் எனக்கு ஒரு நேர்மை உண்டு. எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டேன். அக்கா வீட்டு விதை மல்லாட்டையைக் காயவைத்தபோதும் அப்படித்தான், ஒரு கொட்டைகூடத் தப்பவில்லை. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பெயர்.

அறுபதுகளில் ஒரு சித்திரை. சிதம்பரத்தில் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். திருவதிகைப் பக்கம் வாக்கப்பட்ட அக்காவுக்கு நிறைமாதம். மாமா அவளைக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, வீட்டுக்கு நான் காவல். களத்தில் அப்போதுதான் செடியிலிருந்து ஆய்ந்த மல்லாட்டை. ஆடி விதைப்புக்கென்று அவர்களிடம் இருந்தது அது மட்டுந்தான்.

வண்டி ஏறும்போதும் மாமாவுக்கு அதே நினைப்பு. "மச்சான், காலை வெயில்ல பரப்பு. உச்சி வெயில்ல குமிச்சி பாயைப் போட்டு மூடிடு. வெதை, சூடு தாங்காது."

காயப்போடுகிறவர் வெயிலுக்குப் பயப்படுகிறாரே என்று சிரித்துக்கொண்டேன். வாசலில் புதுத் தார் ரோடு தோசைக்கல்லாய்க் கிடந்தது. மொத்தத்தையும் அதில் பரப்பிவிட்டு வேப்பமரத்தடியில் தூங்கினேன். அள்ளும்போது என் கால் வெந்தது. காலுக்காக மட்டும் வருத்தப்பட்டேன். சூடு ஆறுமுன்பே பானைகளில் கொட்டி வாயைக் கட்டினேன்.

பெண் குழந்தையோடு திரும்பிய மாமா ஒரு காயைக் காதருகே ஆட்டிப் பார்த்தார். கலகலத்தது. "தேறிட்டியே மச்சான்!" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊர் திரும்பினேன்.

விதைப்புக்கு மறுபடி போனேன். காயை உடைத்தால் பருப்பின் தோல் தானாகக் கழன்றது. அக்கா மோந்து பார்த்து, "எண்ண வாடை அடிக்குதேடா" என்றாள். வேறு விதைக்கு எங்கே போவது? அதையே கொல்லைக்காட்டில் விதைத்தார்கள். மழையும் குறை வைக்கவில்லை. பக்கத்துக் கொல்லைகள் பச்சை கட்டின. எங்களுடையது மொட்டையாகவே கிடந்தது. மாமா மண்ணைக் கிளறினார். பருப்பு கொழகொழவென்று அழுகியிருந்தது.

"எதுல காய வச்ச?"

சொன்னேன். திட்டியிருந்தால் ஏதாவது உளறிச் சிரிக்க வைத்திருப்பேன். அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு நடந்தார்.

கொல்லை தரிசாய்க் கிடந்தது. வீட்டில் கேழ்வரகுக் கூழும் ஒருவேளையாகி, அக்காவுக்குப் பால் வற்றியது. பிள்ளை அழுதழுது தொண்டை கட்டிப்போயிற்று. கார்த்திகையில் மாமா பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டக் கிளம்பினார். வழியனுப்பப் போயிருந்த நான், பஸ் வரும்வரை அவர் மூட்டையை வைத்திருந்தேன்.

"நானும் வரட்டா மாமா? கூட ஒரு ஆள் வெட்டுனா ஒத்தாசதானே?"

மூட்டையை வாங்கிக்கொண்டே சொன்னார்:

"கரும்பாச்சும் பொழைக்கட்டும்."