கழுத்துக்கு மேலே

காலை ஏழு மணிக்கு வெனராண்டா நான் வேலை பார்க்கும் மருந்துக் கிடங்குக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டு, தன் விலா எலும்பைத் தட்டிக் காட்டினாள். "இதுக்கு இங்கிலீஷ்ல என்னடி?"

சொன்னேன். இடது மணிக்கட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் எழுதிக்கொண்டாள். ஒரு நாளைக்கு ஒரு சொல்தான். கஞ்சி குடிக்கும்போதுகூட அதையே மென்றுகொண்டிருப்பாள். சாயங்காலம் பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்துவிட்டு வீட்டுக்குப் போவாள். மறுநாள் மறந்திருந்தால் மறுபடி அதே சொல்.

கிபுங்கோ ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாகப் பிரசவம் பார்க்கிறவள், பிரெஞ்சில் படித்தவள். இப்போது நோயாளிச் சீட்டை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றாகிவிட்டது. அதற்கொரு தேர்வு, தவறினால் பிரசவ அறையை விட்டு என்னோடு கிடங்கில் உட்கார வேண்டியதுதான். "காலம் முழுக்க உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்கணுமா?" என்பாள். சிரிப்பாளே தவிர, அந்தப் பயத்தில் ஆள் பாதியாகிவிட்டாள்.

பாதத்தில் தொடங்கி மேலே ஏறுவது அவள் கணக்கு. பிள்ளைதான் தலைகீழாக வர வேண்டும், பாடம் நேராக வரட்டுமாம். விலாவைத் தாண்டித் தோளுக்கு வந்தபோது தேர்வைச் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முன்னதாகவே வைத்துவிட்டார்கள். தினம் ஐந்து சொல்லாகப் படி என்று கெஞ்சினேன்.

"ஒரு வயித்துல அஞ்சு பிள்ளையா? ஒண்ணும் பொழைக்காதுடி."

தேர்வாளர் தலைநகர் கிகாலியிலிருந்து வந்த இளம் டாக்டர். என்னைக் கர்ப்பிணியாக நடிக்கச் சொல்லிக் கட்டிலில் படுக்க வைத்து, பேச வேண்டியதை ஒரு தாளில் கொடுத்தார். கால் வீங்கியிருக்கிறது என்றேன். வெனராண்டா அழகாக எழுதினாள். அடுத்த வரியைப் பார்த்தேன்: தலை வெடிக்கிற வலி, கண் மங்கல். கழுத்துக்கு மேல் அவளிடம் ஒரு சொல்கூடக் கிடையாது. அந்த வரியை விழுங்கிவிடலாமா என்று பார்த்தேன். டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

பேனா நின்றது. அடுத்த கணம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, என் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினாள். டாக்டரின் நெற்றியில் இரண்டு தட்டு தட்டி, அவர் கண்ணிரண்டையும் உள்ளங்கையால் பொத்தி, "டேஞ்சர்" என்றாள். வலிப்பு வருவதற்குள் ஊசிமருந்து வேண்டும், ஓடிப்போய் எடுத்துவா என்று என்னை விரட்டினாள். நான்தான் நோயாளி என்பது மறந்து நானும் பாதி எழுந்துவிட்டேன்.

டாக்டர் கோணிப்போன கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கையெழுத்துப் போட்டார். "மிச்சத்த மெதுவா எழுதிப் பழகிக்கோங்கம்மா. நீங்க பிரசவ அறையிலேயே இருங்க."

எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் வெளியே போனாள். தாழ்வாரப் பெஞ்சில் முதலாவதாக உட்கார்ந்திருந்த பெண்ணின் வயிற்றில் கை வைத்தாள். பிள்ளையின் தலை எங்கே இருக்கிறது என்று பார்க்க அவளுக்கு அரை நிமிடம் போதும். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். கையை எடுக்கவே இல்லை.