எல்பீதியாவின் கறுப்பு விதை

நாணல் குழலால், கற்றாழையிலிருந்து காய்ச்சிய சாராயமான மெஸ்காலை உறிஞ்சி, சுரைக்குடுக்கைக்குள் உயரத்திலிருந்து விழவிட்டு, எழும் குமிழிகளைத் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார் எல்பீதியா. குமிழி உடையாமல் நின்றால் சரக்கு சரி. உடனே குடுக்கையைப் பக்கத்தில் நிற்கிறவரிடம் நீட்டுவார்: "குடிச்சுட்டுச் சொல்லுங்க." தன் நாக்கை மட்டும் நம்பி அவர் ஒரு குடத்தையும் மூடியதில்லை.

போன மார்ச்சிலிருந்து ஏழு மாதம் அந்தக் குடுக்கை என்னிடம் வரவில்லை. என் மகளுக்கு அவர் ஞானத்தாய். அந்த உறவில் நான் அவருக்குக் கொம்பாத்ரே, அவர் எனக்குக் கொமாத்ரே. இருந்தும் குடுக்கை என்னைத் தாண்டி விறகுக்காரர் எவரிஸ்தோவிடம் போகும். எனக்குக் காப்பி. அதில் சர்க்கரை சரியாகவே போட்டிருப்பார், அதுதான் இன்னும் உறுத்தும்.

எல்பீதியாவுக்கு வயது ஐம்பத்தாறு. மறைந்த கணவரின் தொப்பியை, உள்ளே துணி திணித்துப் போட்டுக்கொள்வார். மெக்சிகோவின் ஓஹாக்கா நகரத்து வியாபாரிகள் "அடுத்த சரக்கு எப்போ?" என்றால், "கத்தாழைகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பார். அவர் காய்ச்சுவது மலைச்சரிவில் வளரும் தொபலாக் கற்றாழை. அது பக்கக்கன்று விடாது. விதையிலிருந்து வந்தால்தான் உண்டு, வந்தாலும் முற்றப் பத்துப் பன்னிரண்டு வருடம். பூத்தண்டு கிளம்பியதும் வெட்டிவிட்டால் இனிப்பெல்லாம் அடிக்கிழங்கில் தங்கும் என்று எல்லாரும் வெட்டுகிறோம். அப்படியே தோண்டித் தோண்டி மலை மொட்டையாகிவிட்டது. எல்பீதியாவிடமே இன்னும் இரண்டு வருடத்துக்குத்தான் கற்றாழை இருந்தது. அதிலும் ஆறு செடியை விதைக்காகப் பூக்க விட்டார். அந்தப் பூவின் தேனுக்கு ராத்திரியில் வருவது வௌவால்தான்.

"ஆறு செடிச் சரக்க வௌவாலுக்கு ஊத்திட்டீங்களே, கொமாத்ரே" என்று கிண்டல் செய்தவன் நான்.

"அதுங்க குடிச்சிட்டு உங்கள மாதிரி பாடாது" என்றார்.

அந்த மார்ச்சில்தான் என் கன்றுக்குட்டியை வௌவால் கடித்தது. நாங்கள் நாலு பேர் போய்க் குகை வாயில் பழைய டயரைக் கொளுத்தினோம். ரத்தம் குடிக்கிற வௌவால் வேறு, பூவில் தேன் குடிக்கிற வௌவால் வேறு. இரண்டும் ஒரே குகையில் தொங்கியது எங்களுக்குத் தெரியும். கோபத்தில் யோசிக்கவில்லை. புகை அடங்கியதும் எல்பீதியா வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். திட்டவில்லை.

"இனி என் பூவுக்கு யாரு வருவா? நீங்க வருவீங்களா?"

வௌவால் சரியாகத் தொடாத பூவில் காய் பிடித்தாலும் விதை வெள்ளையாக, உமி போல இருக்கும். முளைக்காது. கறுப்பு விதைதான் உயிருள்ள விதை. காய் முற்றும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவர் காத்திருந்தார். நானும்தான்.

போன வாரம் காய்கள் வெடித்தன. கூப்பிடாமலே போய் நின்றேன். எல்பீதியா ஒரு காயை உள்ளங்கையில் உதிர்த்து, வாயால் ஊதினார். வெள்ளையெல்லாம் பறந்தது. கை நிறையக் கறுப்பு தங்கிவிட்டது. எந்தக் குகையிலிருந்து வந்தனவோ, வௌவால்கள் வந்திருக்கின்றன. நான் பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு நிம்மதி.

"என்ன கொம்பாத்ரே, டயர் எதுவும் கொண்டாரலியா?" என்றார். ஏழு மாதத்தில் அவர் என்னைக் கிண்டல் செய்தது அதுதான் முதல் தடவை.

இறங்கி வந்ததும் நேராகக் குடத்தடிக்குப் போய் நாணலை எடுத்தார். குமிழிகளைப் பார்த்தார். எவரிஸ்தோ வழக்கம்போலக் கையை நீட்டினார். எல்பீதியா அந்தக் கையைத் தாண்டி, குடுக்கையை என்னிடம் நீட்டினார்.