ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஒரு கலைவிழா

எங்கள் கல்லூரியில் தினமும் மூன்றே முக்காலுக்கு ஒரு விந்தை நடக்கும். மணி அடித்து ஓய்வதற்குள் வளாகம் காலியாகிவிடும். பாதி போட்ட கணக்கைப் பலகையிலேயே விட்டுவிட்டு வாத்தியாரும் ஓடுவார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து நானும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தீயும் இல்லை, புகையும் இல்லை. பஸ் கிளம்புகிறது, அவ்வளவுதான். நாகர்கோவிலில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவர்களுக்கு, ஒரு பஸ்ஸுக்கு இத்தனை மரியாதையா என்று தோன்றும். என்னைப் போலச் சென்னையை அடுத்த ஒரகடம் பக்கம் பிழைக்க வந்த நம்மூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். பஸ் கல்லூரிக்குச் சொந்தமில்லை. டிராவல்ஸ்காரர் ஒருவர் வாடகைக்கு விட்டிருக்கிறார். அதே பஸ்ஸை அவர் கம்பெனிகளுக்கும் விட்டிருக்கிறார். பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு அது கம்பெனி வாசலுக்குப் போய் ஷிஃப்ட் முடிந்தவர்களை ஏற்றியாக வேண்டும். ஆகவே எங்கள் கல்லூரியை முதல்வர் நடத்துகிறார் என்று யாராவது நினைத்தால் அது அவர்களுடைய வெகுளித்தனம். நடத்துகிறவர் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் பாஸ்கர்.

கணவருக்கு வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததால் நானும் இந்த ஊர்க்காரியானேன். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத்தான் சேர்ந்தேன். முதல் கூட்டத்தில் சும்மா இருக்க மாட்டாமல், பிள்ளைகளுக்கு மன்றம் எதுவும் கிடையாதா என்று கேட்டுத் தொலைத்தேன். இங்கே கேட்டவர் தலையிலேயே வேலையைக் கட்டிவிடுவார்கள். கூட்டம் முடிவதற்குள் நான் மாணவர் செயல்பாட்டு ஒருங்கிணைப்பாளர் ஆகிவிட்டேன். மன்றங்களுக்குக் குறைவே இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. புகைப்பட கிளப், சுற்றுச்சூழல் கிளப், ரோபோ கிளப், யோகா கிளப் எல்லாம் அலுவலக பீரோவுக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. கிளப் என்பது ஒரு டீ-ஷர்ட். வெளியிலிருந்து பார்வையிட யாராவது வந்தால் அதே எட்டுப் பிள்ளைகள் சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு எல்லா கிளப்புகளாகவும் நிற்பார்கள். சுற்றுச்சூழல் கிளப்புக்கென்று ஒரு மரக்கன்றும் உண்டு. எல்லா வருடத்துப் படத்திலும் அதை நட்டுக்கொண்டிருப்பார்கள். மற்ற நாட்களில் அது முதல்வர் அறையில் தொட்டியோடு ஏசியில் இருக்கும்.

நான் படித்த கல்லூரியில் கடைசி மணிக்குப் பிறகுதான் கல்லூரியே ஆரம்பிக்கும். பட்டிமன்றம் என்று கூடுவோம், அது சண்டையாக முடியும். நாடக ஒத்திகை என்று சொல்லிவிட்டு வாசல் கடையில் பழபஜ்ஜி தின்றுகொண்டிருப்போம். இருட்டிய பிறகும் டவுன் பஸ் உண்டு என்ற தைரியம். ஒரு போட்டியிலும் நாங்கள் ஜெயித்ததில்லை. ஆனால் நாலு பேர் முன்னால் நிற்கிற துணிச்சல் எனக்கு அங்கேதான் வந்தது. அந்தப் பெருமையைத் தூக்கிக்கொண்டு பாஸ்கரிடம் போய், ஆண்டு விழாவைச் சாயங்காலம் ஆறு மணிக்கு வைக்கலாமே என்றேன். அவர் கோபப்படவில்லை. காய்ச்சல்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இன்னா மேடம், ஆறு மணிக்கு பஸ்ஸு கம்பெனி ரூட்ல ஓடிக்கினு கீது. புள்ளைங்கள நீங்க தூக்கினு போய் வூட்ல வுடுவீங்களா?"

பெற்றோர் வந்து கூட்டிப்போக மாட்டார்களா என்று கேட்டேன். அவர்களும் அந்த பஸ்ஸில்தான் இருப்பார்கள் என்றார்.

இந்தப் பிள்ளைகளுக்கு எதிலும் ஆர்வமில்லை என்பது ஆசிரியர் அறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஞானம். ஒருநாள் சுங்குவார்சத்திரத்தில் ஒரு வேலை இருந்ததால் ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். பீரோவில் இல்லாத மன்றங்கள் அத்தனையும் அதற்குள் இருந்தன. பின்சீட்டில் பாட்டு, நடுவில் விவாதம், முன்னால் நாடகம். மூன்றாம் வருடம் படிக்கும் பவானி நடித்துக்கொண்டிருந்தாள். முதலில் என்னை நடித்துக் காட்டினாள். என் நாகர்கோவில் இழுவை என்னைவிட அவளுக்கு நன்றாக வந்தது. பிறகு சூப்பர்வைசர் ஆனாள். கம்பெனி அசெம்ப்ளி லைனில் நிற்கும் ஒரு பெண் பாத்ரூம் போக வேண்டும். மாற்றுக்கு ஆள் வரும்வரை நகரக்கூடாது. அவள் கெஞ்சக் கெஞ்ச சூப்பர்வைசர் பொறுமையின் பெருமை பற்றிப் பேசுகிறார். பஸ்ஸே விழுந்து விழுந்து சிரித்தது, நானும்தான். இதெல்லாம் எங்கிருந்து பிடித்தாய் என்றேன். அம்மா வீட்டில் சொல்வதுதானாம். அவள் அம்மா மல்லிகா ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கிறவர்.

இறங்கும்போது பவானி என்னைத் தனியாக நிறுத்தினாள். "மேடம், ஸ்கூல்லேர்ந்து நடிக்கிறேன். எங்கம்மா ஒருவாட்டி கூட பாத்ததில்ல. எப்பவும் ஷிஃப்ட்டு டைம்லதான் ப்ரோக்ராம் வெக்கிறாங்க." அடுத்த செமஸ்டரில் அவளையும் பயிற்சிக்கு என்று ஒரு கம்பெனிக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு நாடகமாவது ஒன்றாவது.

முதல்வரிடம் போனேன். நாடகம் பிரமாதம் என்றார். பார்வையிட வருகிறவர்கள் முன்னால் காலை பதினொரு மணிக்குப் போடலாம். வேலை கொடுக்கிற கம்பெனிகளின் மனம் புண்படக்கூடாதாகையால் சூப்பர்வைசரை மட்டும் எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றி மாற்றிவிட வேண்டும். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியில் வழி சொன்னவர் பாஸ்கர். ஏழாம் நம்பர் பஸ் பிள்ளைகளை இறக்கிவிட்டு மல்லிகாவின் கம்பெனிக்குத்தான் போகிறது. நடிக்கிறவர்கள் இறங்காமல் அப்படியே குந்திக்கொண்டு போகட்டும் என்றார். கேட்டில் செக்யூரிட்டி கேட்டால்? "கழுத்துல டேக்கு தொங்குதுல்ல? ட்ரெய்னீன்னு நெனச்சிக்குவான்." அப்படியே ஆயிற்று. பவானியும் கூட நடிக்கும் நாலு பேரும் நானும் இறங்காமல் உட்கார்ந்திருந்தோம். செக்யூரிட்டி எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் கல்லூரி பிள்ளைகளை இதற்கென்றேதான் தயார் செய்கிறது என்பதில் எனக்கு அன்று சந்தேகமே இல்லாமல் போயிற்று.

ஷிஃப்டோடு ஓ.டி.யும் முடித்தவர்கள் ஏறினார்கள். எல்லோரும் பெண்கள். மகளை அங்கே பார்த்த மல்லிகா பதறிப்போய், என்னடி ஆச்சு என்றார். விஷயத்தைச் சொன்னதும் எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலையைத் தடவி முடியைச் சரிசெய்துகொண்டார். பவானி கர்ச்சீப்பைத் தலையில் கட்டிச் சூப்பர்வைசர் ஆனாள். முதல் வசனத்துக்கு மல்லிகா வாய்விட்டுச் சிரித்தார். இரண்டாவதுக்குக் கண் சொக்கியது. மூன்றாவதுக்கு அவர் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். பஸ் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. இதற்காகவா இந்தப் பெண் இத்தனை நாள் காத்திருந்தாள்? போய் அவரை உலுக்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

பவானி நிறுத்தவில்லை. குரலை மட்டும் இறக்கினாள். மற்ற நால்வரும் இறக்கினார்கள். சூப்பர்வைசர் கிசுகிசுப்பாக அதட்டினார். அந்தப் பெண் கிசுகிசுப்பாகக் கெஞ்சினாள். ஒரு வசனத்தையும் விடாமல், ஒரு அசைவையும் குறைக்காமல் நடித்தார்கள். நடுவில் வேகத்தடையில் பஸ் குதித்ததும் மல்லிகா திடுக்கிட்டு விழித்தார்.

"ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா," என்றாள் பவானி. "நீ தூங்கு. ஆரம்பிச்சா எழுப்புறேன்."

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். நாடகம் முடிந்தது. ஐந்து பேரும் வரிசையாக நின்று, தூங்குகிறவர்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள். எங்கள் ஊராக இருந்தால் நான்தான் முதலில் எழுந்து கைதட்டி விசிலும் அடித்திருப்பேன். பழக்கத்தில் வலது கை உயர்ந்தும்விட்டது. இந்த ஊர்க்காரியாகிவிட்ட இடது கை அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டது. மல்லிகா இறங்கும் இடம் வரும்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.