களை உருளை

காரைக்காலில் எங்கள் வரிசையில் ஆறு பட்டறைகள். நான் கொல்லன். பக்கத்துப் பட்டறைக்காரரும் கொல்லர்தான். எதிரே தச்சர். அவரை அடுத்துத் தகர வேலை செய்யும் பாய்.

வண்டிச் சக்கரத்துக்குத் தச்சரிடம் வருகிறவர்களை, இரும்புப் பட்டா போட அவர் எங்களிடம் அனுப்புவார். என்னிடம் இல்லாத உளி பக்கத்தில் இருக்கும். கேட்காமல் எடுக்கலாம். பொழுது சாய்வதற்குள் திருப்பி வைத்துவிட வேண்டும். இரும்பு ஒரே வண்டியில் வரும், தெருவிலேயே பிரித்துக்கொள்வோம். இன்னொரு வழக்கமும் உண்டு. யார் எதைப் புதிதாகச் செய்தாலும் ஒரு நாள் தன் வாசல் தூணில் கட்டி வைக்க வேண்டும். மற்றவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள், குறை சொல்வார்கள். பிறகுதான் விற்பது.

பிரெஞ்சுக்காரர்கள் போனபின் எல்லையில் இருந்த சுங்கச் சாவடியை எடுத்துவிட்டார்கள். கும்பகோணத்து மண்வெட்டியும் அரிவாளும் தடையில்லாமல் வந்தன. எனக்கு வேலை குறைந்தது. அந்தச் சாகுபடிக்குள் பெரிய வேலை ஏதும் வராவிட்டால் பட்டறையை மூடிவிட்டுத் திருச்சிப் பக்கம் கூலிக்குப் போவதென்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் எந்தப் பாத்திரத்தை எடுத்துப்போவது என்று பார்க்கத் தொடங்கினாள்.

அப்போது நெடுங்காட்டு மிராசுதார் ஒருவர் வந்தார். கயிறு பிடித்து நாற்றை வரிசையாக நட்டிருந்தார். வரிசைக்கு நடுவே தள்ளினால் களையைப் புரட்டிப்போடும் உருளை ஒன்றைத் தஞ்சாவூரில் பார்த்தாராம். தரையில் கோடு போட்டுக் காட்டினார். முன்னால் சேற்றில் சறுக்கிப்போக ஒரு தட்டு, பின்னால் பல் வைத்த உருளை, நீளமான பிடி. ஐந்து நாளில் ஒன்று செய்து காட்ட வேண்டும். ஓடினால் பதினைந்து வாங்கிக்கொள்வார். ஓடாவிட்டால் கும்பகோணத்தில் சொல்லிவிடுவார்.

பக்கத்துப் பட்டறைக்காரர் பார்த்தால் அவரும் செய்வார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். மூன்றாம் நாள் முடிந்தது. தூணில் கட்டவில்லை. சாக்கில் சுற்றி நெடுங்காட்டுக்குக் கொண்டுபோனேன்.

வயலில் நாலு முழம் போயிற்று. தட்டு சேற்றில் குத்திக்கொண்டது. பல்லுக்கு நடுவே களிமண் அடைத்து உருளை சுற்றாமல் நின்றது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இத இழுக்க ஒரு சோடி மாடு கேளுங்க ஆசாரி," என்றாள் ஒருத்தி.

மிராசுதார் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்றார்.

சேற்றோடு தூக்கிவந்து தூணில் கட்டினேன். வேறு வழி தெரியவில்லை. முதலில் பாய் வந்தார்.

"படகுக்கு மூக்க ஏன் தூக்கி வைக்கிறாங்க? இத நேரா வச்சா குத்தத்தான் செய்யும்," என்றார். முனை தூக்கிய தட்டு ஒன்றைத் தகரத்தில் வெட்டித் தருவதாகச் சொன்னார். தச்சர் இரும்புப் பிடியின் கனத்தைப் பார்த்துவிட்டு, நாள் முழுக்க இதைத் தள்ளுகிறவள் கை என்ன ஆகும் என்று கேட்டார். மூங்கில் போதும் என்றார். பக்கத்துப் பட்டறைக்காரர் கடைசியில் வந்தார். பல்லில் காய்ந்திருந்த மண்ணை நகத்தால் சுரண்டினார்.

"பல்லு நெருக்கம். ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்துடு. இதுக்கா மூணு நாளு கதவச் சாத்துன?"

நான் உளியை எடுத்துப் பல்லை வெட்டினேன்.

ஐந்தாம் நாள் உருளை வரப்பிலிருந்து வரப்புவரை நிற்காமல் போயிற்று. மிராசுதார் எட்டு நாளில் பதினைந்தும் வேண்டும் என்றார். நான் ஒருவனாகச் செய்தால் நாலுதான் வரும். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தட்டு பாயிடம், பிடி தச்சரிடம். பாதி உருளைகளைச் செய்து தரும்படி பக்கத்துப் பட்டறையில் கேட்டேன். கேட்க வெட்கமாக இருந்தது. அவர் உலையை மூட்டினார். எட்டாம் நாள் பதினைந்தும் வண்டியில் ஏறின. திருச்சிப் பேச்சு வீட்டில் நின்றது.

மறு வாரம் சுரக்குடியிலிருந்து பக்கத்துப் பட்டறைக்காரரைத் தேடி ஆள் வந்தது. நெடுங்காட்டில் ஓடுவதைப் பார்த்துவிட்டு இருபது கேட்டார்கள். அவர் என் பட்டறைக்கு வந்தார்.

"அச்சுக் கம்பி மட்டும் நீ அடிச்சுக் குடுக்கிறியா?"

அந்த இருபதும் எனக்கு வந்திருக்க வேண்டியது. எவ்வளவு நீளம் என்று கேட்டேன். இருபதுக்கும் அடித்துக் கொடுத்தேன்.

அவர் ஒவ்வொன்றிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு உருளை வைத்திருந்தார். ஒரே தள்ளில் களை போயிற்று. அடுத்த சாகுபடிக்கு நானும் இரண்டு வைத்தேன். அவரைக் கேட்கவில்லை.