சந்தோஷம் அக்காவின் பிடி அரிசி

வெள்ளிக்கிழமை காலை. என் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் மூட்டை கட்டச் சணல் கயிறு தேடிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. மாணிக்கம் மாமா, சந்தோஷம் அக்காவின் கணவர். அவர் தானாகக் கூப்பிடுவது அபூர்வம். மறுநாள் திருப்பதி போகிற பஸ்ஸைப் பற்றிக் கேட்க அக்காதான் சொல்லியிருப்பார் என்று நினைத்து நானே முந்திக்கொண்டேன். "ஏழு மணி பஸ்ஸுதான் மாமா. அக்காவ வரவேணாம்னு சொல்லுங்க, ஒடம்பு தேறட்டும்." "அக்கா பூட்டாம்மா" என்றார் மாமா. "காபி போட்டுக்கினு இருந்தா. அப்படியே உக்காந்துட்டா."

கயிறு தேடியது மறந்து போயிற்று. என் முகத்தைப் பார்த்த கணவர் கையிலிருந்த அரிசியை முறத்தில் போட்டுவிட்டார்.

சித்தூரில் நம் சபை வாசல் பலகையில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று எழுதியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா பகலில் ஒரு கண் அசந்து பார்த்தவர் நம்மில் யார்? அடக்க ஆராதனையில் பேசிய பெரியவர்கள் அவரை ஜெப வீராங்கனை என்றார்கள். அதைக் கேட்டிருந்தால் அவரே சிரித்திருப்பார். அவருடைய ஜெபம் ஒரு ஸ்டாப்பிங்கிலிருந்து அடுத்த ஸ்டாப்பிங் வரைகூட நீளாது. திருப்பதி பஸ்ஸில் காலிடுக்கில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியேதான் ஜெபிப்பார். ஒருமுறை கேட்டேவிட்டேன். "கண்ண மூடினா மூட்ட உருண்டுக்கினு பூடும்டி" என்றார். "ஆண்டவருக்குத் தெரியாதா நான் மூட்டயப் புடிச்சிக்கினு இருக்கேன்னு?"

அக்கா மாம்பழக்கூழ் ஆலையில் பழம் தரம் பிரிக்கும் பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த இயந்திரச் சத்தத்தில் கத்திக் கத்திப் பழகிய குரல், கோயிலிலும் அடங்கவில்லை. பாட்டில் சுருதி சேராது. பாடகர் குழுவில் இருந்தவர்கள் அவர் எந்தப் பெஞ்சில் உட்காருகிறார் என்று பார்த்து, தாங்கள் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள். அவருக்கும் அது தெரியும். அடுத்த சரணத்தை இன்னும் சத்தமாகப் பாடுவார்.

பிடி அரிசி பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பழைய மிஷன் சபைகளில், உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய்க் கோயில் டிரம்மில் கொட்டுவார்கள். முன்பெல்லாம் அந்த அரிசி ஏலம் போய்விடும். பெண்கள் ஐக்கியம் என்கிற சபைச் சங்கத்துக்கு அக்கா தலைவியான பிறகுதான், அது சனிக்கிழமைதோறும் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கஞ்சியானது. நோயாளிக்கு உள்ளே சாப்பாடு உண்டு. கூட வந்து வராந்தாவில் பாய் விரித்துக் கிடக்கிறவர்களுக்கு யார் போடுவார்கள் என்பதுதான் அக்காவின் கேள்வி.

நானும் அந்த வராந்தாவில் கிடந்தவள்தான். நாயுடுபேட்டை வரை லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவருக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போயின. ஆஸ்பத்திரியில் இருந்தவரை ஒரு மாதிரி ஓட்டிவிட்டேன். வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் விழுந்தேன். பள்ளிக்கூட வேலையை விட்டேன். கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்தவர்கள் எல்லோரும், "கர்த்தர் பெரிய காரியம் செய்வார்" என்று சொல்லிவிட்டு, வாசல் தாண்டியதும் வேறு பேச்சுப் பேசிக்கொண்டு போனார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. எனக்குத்தான் யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. படுக்கும்போது, காலையில் நாங்கள் இரண்டு பேருமே எழுந்திருக்காமல் போனால் நன்றாயிருக்கும் என்று நினைப்பேன். அதை ஜெபமாகக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் அக்கா வாசலில் வந்து நின்றார். கையில் ஹார்லிக்ஸ் இல்லை. ஒரு காலி டப்பா இருந்தது.

"இன்னாடி ஜெயா, கொஞ்ச நாளா உன் பிடி அரிசி வரல?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "வூட்ல இன்னா நடக்குதுன்னு தெரிஞ்சிக்கினுதான் பேசறியாக்கா? நான் துன்னே ரெண்டு நாளாவுது. குடுக்க வந்தவங்களப் பாத்திருக்கேன். கேக்க வந்தவ நீ ஒருத்திதான்."

"குடுக்க வந்தவங்க குடுத்துட்டுப் பூட்டாங்க இல்ல? நான் கேக்க வந்திருக்கேன். ஒரு பிடி, அவ்ளோதான்."

"கெடையாது, போ."

"சரி. நான் நிக்கறேன்."

நின்றார். எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள் எட்டிப் பார்த்து, "ஏமிட்டி அம்மா?" என்று விசாரித்தார். அக்கா, "பிய்யம் கோசம்", அரிசிக்காக என்று, ஏதோ தன் வீட்டு அரிசியைக் கேட்டு வந்தவரைப்போல் பதில் சொன்னார். மானம் போயிற்று. விடுவிடுவென்று உள்ளே போய் ஒரு பிடி அள்ளிவந்து டப்பாவில் வீசினேன். பாதி வாசற்படியில் சிதறியது. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினார். பொறுக்கி முடித்து நேராக உள்ளே போய், கட்டிலில் கிடந்த என் கணவரிடம் நின்றார்.

"தம்பி, இந்த அரிசில கல்லு பொறுக்க எனக்கு ஆள் இல்ல. ஐக்கியத்துல எல்லாருக்கும் கண்ணாடி வந்திடுச்சி. உன் எடது கை நல்லாத்தான இருக்குது?"

வந்தவர்கள் எல்லோரும் அவருடைய வலது கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இடது கையைக் கேட்டவர் இவர்தான். என் கணவர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டினார். அந்த வாரமே டிரம் அரிசி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. முதலில் பாதி அரிசி தரையில் கொட்டும், நான் முணுமுணுத்துக்கொண்டே கூட்டி அள்ளுவேன். போகப் போகக் கை பழகிற்று. வெள்ளிக்கிழமை என்றால் அவரே நாற்காலியை ஜன்னல் பக்கம் காட்டுவார். நானும் உலை வைக்கும்போது மறுபடி ஒரு பிடி எடுக்க ஆரம்பித்தேன். பக்தியால் இல்லை, ரோஷத்தால். இனியொரு தடவை அந்த அம்மாள் என் வாசலில் நிற்கக்கூடாது என்ற ரோஷம். உலை வைத்ததால் சாப்பிடவும் செய்தேன்.

பிறகு என்னையும் திருப்பதிக்கு இழுத்தார். என் கணவரை யார் பார்த்துக்கொள்வது என்றேன். "எங்கூட்டு ஆள் சும்மாத்தான் குந்திக்கினு இருக்குது" என்று மாணிக்கம் மாமாவைச் சனிக்கிழமைதோறும் அனுப்பிவைத்தார். மாமா கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயில் பக்கம் வருகிறவர். ஒருவருக்குப் பேச்சு வராது, மற்றவருக்குப் பேசப் பிடிக்காது. இருவரும் நாள் முழுக்க டிவியில் கிரிக்கெட் பார்ப்பார்கள்.

போன முதல் வாரமே நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். எப்போது பார்த்தாலும் கஞ்சிதானா, இன்றைக்குச் சாம்பார் சாதம் போடுவோம் என்று, அக்கா காய் வாங்கப் போன நேரத்தில் பெரிய குண்டானில் உலை வைத்துவிட்டேன். பிடி அரிசி என்றால் ஊரிலுள்ள எல்லா அரிசியும் அதில் இருக்கும். ரேஷன் அரிசி, சோனா மசூரி, புழுங்கல், யாரோ கோழிக்கு வைத்திருந்த நொய். பத்து நிமிஷத்தில் நொய் பசையானது, ரேஷன் அரிசி குழைந்தது, புழுங்கல் மட்டும் சரளைக் கல்லாகக் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா வந்து மூடியைத் திறந்து பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நம்ம ஐக்கியம் மாதிரியே இருக்குது பாரு. ஒண்ணு கரைஞ்சி பூடும், ஒண்ணு வேகவே வேகாது." ஒரு குடம் தண்ணீரை எடுத்து அப்படியே ஊற்றினார். "தண்ணி இன்னும் ஊத்து. நேரம் குடு. எல்லாம் ஒண்ணாயிடும்."

அன்றைக்குக் கஞ்சி தாமதமாகத்தான் போனது. வேர்க்கடலைத் துவையல் வைத்துக் கொடுத்தோம். புத்தலப்பட்டுப் பக்கத்து அம்மாள் ஒருவர், பேரன் பிழைக்க வேண்டுமென்று திருமலையில் மொட்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். டம்ளரை வாங்கிக்கொண்டு, "இது எந்தக் கோயிலு பிரசாதம்மா?" என்று கேட்டார். "நெறைய வூட்டுக் கஞ்சிம்மா. சூடா இருக்குது, ஊதிக் குடி" என்றார் அக்கா.

இதைக் கேள்விப்பட்ட போதகருக்குக் கொஞ்சம் வருத்தம். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். கஞ்சியோடு ஒரு சுவிசேஷக் கைப்பிரதியும் கொடுக்கலாமே என்று மெதுவாகச் சொன்னார். "ஒரு கையில டம்ளரு, ஒரு கையில தொவையலு. காகிதத்த எங்க புடிப்பாங்க ஐயரே?" என்று அக்கா கேட்டார். அவரும் நல்ல மனிதர், சிரித்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை அவரே வந்து வாளி தூக்கினார்.

ஒருநாள் திரும்பி வரும் பஸ்ஸில், மனதில் இருந்ததைக் கேட்டேன். "உனக்குச் சந்தேகமே வராதாக்கா? ஆண்டவர் இருக்காரா, கேக்கறாரான்னு?"

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "வரும்டி. ஏன் வராது? ஞாயித்துக்கிழமகூட வரும், ஐயர் பிரசங்கம் பண்ணிக்கினு இருக்கறப்பவே வரும். சனிக்கிழம மட்டும் வராது. அன்னிக்கு வேல இருக்குது."

நம்பிக்கை என்றால் மனதில் எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டிய விளக்கு என்று நினைத்து, என் விளக்கு அணைந்துவிட்டதென்று பயந்துகொண்டிருந்தவள் நான். அக்காவின் பதிலைக் கேட்டதும் என் பாரம் பாதி இறங்கியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

போன மாதம் இதயக் கோளாறு என்று அதே ஆஸ்பத்திரியில் அக்காவைச் சேர்த்தார்கள். சனிக்கிழமை நான் டம்ளரோடு உள்ளே போனேன். பக்கத்துப் படுக்கைக்காரரின் மகளுக்கு முதலில் கொடுக்கச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "உப்பு கம்மி. இத்தினி வருசம் ஆக்கிப் போட்டேன், ஒருவாட்டி துன்னு பாத்தேனா பாரு!" இரண்டாவது வாய்க்குப் பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆனா நல்லாத்தான்டி இருக்குது" என்றார். தேறி வீட்டுக்குப் போனார். நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

அன்று மாலையே அடக்கம் முடிந்ததும் மாமா கதவைச் சாத்திக்கொண்டார். பெங்களூரிலிருந்து வந்த மகன் கூப்பிட்டும் உடன் போகவில்லை. எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. மறுநாள் சனிக்கிழமை விடிந்ததும் என் கணவர் டிவியைப் போடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரை விட்டுப் போக முடியாமல் வீட்டிலிருந்தேன். மாமாவைப் பார்க்கப் போனவர்கள் பழங்களை வைத்துவிட்டுத் திரும்பினார்கள். அவர் யாரிடமும் பேசவில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை என்றார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். சாத்துக்குடியை வைத்துவிட்டுக் காலி டப்பாவை எடுத்துக்கொண்டேன்.

மாமா கதவைப் பாதி திறந்தார். "இன்னாம்மா?"

"பிடி அரிசி மாமா. போன வாரம் உங்க வூட்லருந்து வரல."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குடுக்கறவதான் பூட்டாளே. அவள மண்ணுல வெச்சிட்டு வந்து நிக்கறேன், எங்கிட்ட வந்து அரிசி கேக்கறியா? போம்மா."

"சரி மாமா. நான் நிக்கறேன்."

ஓடிவிடலாம் என்றிருந்தது. அன்றைக்கு என் வாசலில் அக்காவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று அப்போதுதான் முதன்முதலாகத் தோன்றியது. மாமா கதவைச் சாத்தாமல் உள்ளே போனார். சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அரிசி எதில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. கடைசியில் இரண்டு கையும் சேர்த்து அள்ளி, கூடமெல்லாம் சிந்திக்கொண்டு வந்தார்.

"அவ பிடி எவ்ளோன்னு எனக்குத் தெரியலம்மா" என்றார். அதுவரை அழாதவர், அந்தச் சொல்லில் உடைந்தார். "இது போதுமா?"

"போதும் மாமா" என்றேன். டப்பாவை நீட்டினேன். சிந்தியதை இருவரும் குந்தி உட்கார்ந்து பொறுக்கினோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு முன்பே மாமா எங்கள் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார், என் கணவர் டிவியைப் போட்டார், நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

அக்காவின் டப்பா இப்போது என்னிடம் இருக்கிறது. அதைவிடப் பெரிதாக அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. உடைந்து கிடக்கிறவரின் வாசலில் வெறுங்கையோடு போய் நின்று, "உன்னிடம் இருப்பதில் ஒரு பிடி கொடு" என்று கேட்கிற அந்தத் துணிச்சல். சபையாரே, நாளை உங்கள் வீட்டில் துக்கம் நடந்து, நான் டப்பாவோடு வந்து நின்றால் தாராளமாகக் கோபித்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு பிடி அள்ளி வாருங்கள். அதுவரை நான் நிற்கிறேன்.